பதினேழு நாள் யுத்தமும் ஒரு மண்ணெண்ணெய் டின்னும்

சிங்கப்பூரில் ஓர் உறவினராவது இல்லாத தெரு கடையநல்லூரில் அபூர்வம். பக்கத்துத் தென்காசியிலும் அந்த உறவுக்குக் குறைவில்லை. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவிக் கரையில் காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொண்டால் போதும். "சிங்கப்பூர் மாமி வந்திருக்காக, ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று யாராவது யாரிடமாவது சொல்லிக் கொண்டிருப்பார்கள்.

இந்தச் சம்பந்தம் நேற்று இன்று ஏற்பட்டதல்ல. தறியை நம்பிப் பிழைத்த குடும்பங்கள், தறி கைவிட்ட காலத்தில் கப்பல் ஏறின. மற்ற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே போனார்கள். மனைவி மக்கள் மணியார்டரை எதிர்பார்த்து ஊரிலே காத்திருந்தார்கள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களிலோ பெண்களும் கூடவே கிளம்பி விட்டார்கள். புருஷன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போவான். மனைவி வீட்டிலே மசாலை அரைத்து விற்றுக் காசு பார்ப்பாள். அம்மியைக் கொண்டு அந்நிய தேசத்தில் குடித்தனம் நடத்தியவர்கள் நம் பெண்கள்! கெப்பல் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதிதான் இவர்களுடைய பேட்டை. 1941-இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக் கொண்டார்கள். 1946-இல் அந்தச் சங்கம் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதைச் சொல்வதற்கு ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1942-ஆம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி. கெப்பல் துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்கள் வந்து நின்றன. அவற்றிலிருந்து வரிசை வரிசையாக இறங்கிய வாலிபர்கள், பிரிட்டிஷ் ராணுவத்தின் 18-வது டிவிஷனைச் சேர்ந்தவர்கள்.

டிவிஷன் என்றால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று பட்டாலியன் சேர்ந்தது ஒரு பிரிகேடு. மூன்று பிரிகேடு சேர்ந்தது ஒரு டிவிஷன் என்று புஸ்தகத்தில் போட்டிருக்கும். அது நமக்கு எதற்கு? ஒரு டிவிஷன் என்பது நடமாடுகிற ஓர் ஊர் என்று வைத்துக் கொள்ளுங்கள். சுமார் 17,000 பேர். அந்த ஊருக்குச் சமையல்காரர் உண்டு, டாக்டர் உண்டு, தபாலாபீஸ் உண்டு, பாதிரியார் உண்டு, செருப்புத் தைக்கிறவர்கூட உண்டு. முக்கியமாக, காலையிலும் மாலையிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தலை எண்ணுவதற்கு ஒரு ஹவில்தார் உண்டு. இந்தக் கடைசி ஆசாமியை மறந்து விடாதீர்கள். பின்னால் அவர் நமக்கு வேண்டியிருக்கும்.

இந்த 18-வது டிவிஷன் 1939 செப்டம்பரில் உருவானது. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்து ஜில்லாக்களான நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ், பெட்ஃபோர்டு பக்கத்துப் பையன்களே அதில் அதிகம். அது தட்டையான பூமி. காற்றாலைகளுக்குப் பேர் போன சீமை. அதனால் டிவிஷனின் சின்னமும் காற்றாலைதான். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வரிசையாக நிற்கின்றனவே, அந்த மாதிரி மின்சாரக் காற்றாலை அல்ல. மாவரைக்கிற பழைய காலத்துக் காற்றாலை. வயலில் வேலை பார்த்தவன், கடையில் துணி கிழித்தவன், பாங்கில் கணக்கெழுதியவன் என்று அக்கம் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே பட்டாலியனில் இருந்தார்கள். ஒரு தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில் நிற்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அணிக்கு ஓர் ஆபத்து வந்தால் ஒரே நாளில் நாலு வீட்டிலும் அழுகுரல் கேட்கும்.

1941 அக்டோபர் கடைசியில் இவர்களைக் கப்பலேற்றினார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கனடாவில் ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்குப் போய், அங்கே அமெரிக்கக் கப்பல்களில் மாறி ஏறினார்கள். அமெரிக்கா அப்போது யுத்தத்திலேயே சேரவில்லை. ஆனாலும் ரகசியமாகக் கப்பல் கொடுத்தது. போகிற இடம் மேற்கு ஆசியா. பாலைவனத்தில் சண்டை போடத்தான் ஏற்பாடு. டிசம்பர் 9-ந் தேதி ஆப்பிரிக்காவின் கேப் டவுனை அடைந்தபோது உலகமே தலைகீழாகி இருந்தது. அதற்கு முந்திய நாட்களில்தான் ஜப்பானியர் பேர்ல் ஹார்பரிலும் மலாயாவிலும் பாய்ந்திருந்தார்கள்.

பாலைவனத்துக்கென்று புறப்பட்டவர்களைப் பம்பாயில் இறக்கி, அஹமத்நகரில் சுமார் மூன்று வாரம் கால் நீட்ட விட்டார்கள். பிறகு மறுபடி கப்பல். ஒரு பிரிகேடு மட்டும் அதற்கு முன்பே தனியாகப் பிரிந்து, ஜனவரி 13-ந் தேதி கொட்டுகிற மழையில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதக் கப்பல் பிரயாணத்தில் கால்கள் மரத்துப் போன அந்தப் பையன்களைச் சில நாளிலேயே ஜோகூர்க் காட்டுக்குள் தள்ளினார்கள். காட்டையே பார்த்தறியாதவர்கள்! பத்து பஹாட் என்ற ஊரில் கேம்பிரிட்ஜ்காரர்கள் நன்றாகவே போராடினார்கள். பிரயோஜனமில்லை. ஜனவரி 31-ந் தேதி மலாயாவை முற்றிலும் விட்டு விட்டு, எல்லோரும் சிங்கப்பூர்த் தீவுக்குள் வந்து விட்டார்கள்.

கை நழுவிப் போன இடத்துக்கு, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து விடும் என்று தெரிந்திருந்தும், முழு டிவிஷனை ஏன் அனுப்பினார்கள்? ஆஸ்திரேலியாக்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள், அமெரிக்காக்காரர்கள் கேலி செய்வார்கள் என்ற கௌரவப் பிரச்னைதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணத்தில் சம்பந்தி என்ன சொல்வாரோ என்று கடன் வாங்கிச் செலவு செய்கிறோமே, அதே கதை. இங்கே செலவானது பிள்ளைகள்.

பிப்ரவரி 5-ந் தேதி, டிவிஷனின் கடைசிப் பகுதியை ஏற்றி வந்த 'எம்ப்ரஸ் ஆப் ஏஷியா' கப்பல் துறைமுகம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் குண்டு விழுந்து எரிந்தது. ஆட்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள், சாமான்கள் போயின. 8-ந் தேதி இரவு ஜப்பானியர் தீவில் கால் வைத்தார்கள். 15-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, சீனர்களின் புத்தாண்டுத் தினத்தன்று, சிங்கப்பூர் சரணடைந்தது. ஜனவரி 29-க்கும் பிப்ரவரி 15-க்கும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பதினேழு நாள்! இரண்டு வருஷத்துக்கு மேல் பயிற்சி பெற்று, பாதி உலகத்தைச் சுற்றி வந்த டிவிஷனுக்குச் சிங்கப்பூரில் கிடைத்த யுத்தம் அவ்வளவுதான். அதன் பிறகு மூன்றரை வருஷம் சிறை.

தஞ்சோங் பகாரில் இருந்த நம் குடும்பங்களும் அதே குண்டுகளுக்கடியில்தான் இருந்தன. துறைமுகத்தைக் குறி பார்த்து வீசிய குண்டு, துறைமுகத்தை ஒட்டிய வீட்டை விட்டு வைக்குமா?

இனி ஊரில் இருந்தவர்கள் நிலையைக் கேளுங்கள். நார்ஃபோக்கில் ஒரு தாயாருக்குத் தந்தி வந்தது: உங்கள் மகனைக் காணவில்லை. இருக்கிறானா, இறந்தானா, ஒன்றும் தெரியாது. கைதிகள் முகாமிலிருந்து அச்சடித்த கார்டு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பின்னால் வந்த கார்டுகளிலும் இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது. மூன்றரை வருஷத்தில் இப்படி நாலைந்து கார்டு வந்திருந்தால் அந்த வீடு பாக்கியம் செய்த வீடு.

தென்காசியிலோ அந்தத் தந்தியும் இல்லை. மலாயாத் தபால் நின்றது; மணியார்டர் நின்றது. அக்கரைக்குப் போனவன் இருக்கிறானா என்று கேட்பதற்கு ஓர் ஆபீஸ் கிடையாது, பதில் சொல்வதற்கு ஓர் அதிகாரி கிடையாது. கழுத்தில் இருப்பதைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் எத்தனை பெண்கள் அந்த வருஷங்களைக் கழித்திருப்பார்கள்! நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களின் வீடுகளில் இன்னும் மோசம். ஏனென்றால், தோட்டக்காட்டுத் தமிழர்களையும் 18-வது டிவிஷனையும் ஜப்பானியர் ஒரே இடத்துக்கு அனுப்பினார்கள். அதுதான் சயாம்.

பர்மாவுக்குத் தளவாடம் கொண்டு போகக் கடல் வழி ஜப்பானியருக்குப் பத்திரமாக இல்லை. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையும் காடும் கடந்து ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். சுமார் 415 கிலோமீட்டர். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? 1904-இல் திறந்த பாதை. ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் பள்ளம், நடுவே குகைகள், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். பார்க்கப் பார்க்க அலுக்காது. அந்த மலைப்பாதை மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதைப்போல எட்டு மடங்கு நீளத்தை, யந்திரம் அதிகமில்லாமல், மண்வெட்டியும் கூடையும் சுத்தியலும் கொண்டு, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-க்குள் முடித்து விட்டார்கள் என்றால், எப்படி முடித்திருப்பார்கள் என்று ஊகித்துக் கொள்ளலாம்.

வேலைக்கு 60,000-க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள். 18-வது டிவிஷன்காரர்கள் அதில் ஏராளம். அது போதாதென்று மலாயா, ஜாவா, பர்மா, சயாம் தேசங்களிலிருந்து இரண்டு லட்சம் போலக் கூலிகள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். முதலில் நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். தோட்டங்களில் ரப்பர் விலை போகாமல் பசி கிடந்த காலம். சிலர் பெண்டு பிள்ளைகளோடுகூடப் போனார்கள். அப்புறம் போனவர் திரும்பவில்லை என்று தெரிந்து ஆள் கிடைக்காமல் போகவே, இலவச சினிமா என்று கூட்டி வந்து வளைத்துப் பிடித்துக் கொண்டு போனதும் நடந்தது.

குற்றாலத்துச் சாரலைத் தருகிறதே தென்மேற்குப் பருவக் காற்று, அதே காற்றுதான் சயாம் மலையிலும் மழை கொட்டுகிறது. நமக்கு அது மேற்கு மலையில் கனத்ததெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு, பூந்தூறலாக வந்து சேருகிறது. அங்கே கனத்ததே நேராக இறங்கும். 1943 மே மாதம் மழை இறங்கியது. கூடவே காலரா இறங்கியது. வேலையைச் சீக்கிரம் முடி என்று ஜப்பானிய எஞ்சினீயர்கள் விரட்டிய மாதங்களும் அவைதான்.

இங்கேதான் மண்ணெண்ணெய் டின் வருகிறது.

கைதிகள் முகாமில் டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து இல்லை, ஆனால் படிப்பு இருந்தது. கொதிக்காத தண்ணீரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கிடைத்த தகர டின்னையெல்லாம் அடுப்பில் ஏற்றி, மழையானாலும் நெருப்பு அணையாமல் பார்த்துக் கொள்ள ஆட்களை நியமித்தார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவன் தன் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் சோறு. கக்கூஸ் குழி இன்ன இடத்தில், இத்தனை ஆழம் என்று கட்டளை. தகரத்தை வளைத்துத் தண்ணீரை வடித்து, உப்பு கலந்து, மெல்லிய மூங்கில் குச்சியை ஊசியாக்கி, காலராக்காரர்களின் நரம்பில் ஏற்றினார்கள். தீட்டிய அரிசியைத் தின்று கால் வீங்கியவர்களுக்குத் தவிட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். நம் பாட்டிமார் பசு மாட்டுக்கு வைத்த தவிடு அங்கே மருந்தாயிற்று!

இவ்வளவு செய்தும் கைதிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1943 ஏப்ரலில் சாங்கி முகாமிலிருந்து 7,000 பேர் கொண்ட ஒரு கோஷ்டியைச் சயாமின் கடைக்கோடிக்கு நடத்திப் போனார்கள். அதில் 3,000-க்கு மேற்பட்டவர் திரும்பவில்லை. இறந்தவர்களில் பிரிட்டிஷ்காரர்களே அதிகம். மொத்தத்தில் பாதையிலே மாண்ட கைதிகள் 12,000-க்கு மேல்.

அதே ஆற்றின் கரையில், அதே மழையில், கொஞ்ச தூரத்தில் தமிழர்களின் குடிசைகள். அங்கே டாக்டர் இல்லை. உத்தரவு போட ஆள் இல்லை. குழி வெட்டச் சொல்வாரில்லை. தண்ணீரைக் காய்ச்சுவதற்கு டின் இல்லை. டின் இருந்தாலும், காய்ச்ச வேண்டும் என்று காரணத்தோடு எடுத்துச் சொல்ல நாதியில்லை. ஆற்றிலே மொண்டு குடித்தார்கள். நம் ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று சில வெள்ளைக்காரர்கள் தங்கள் புஸ்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. தினம் விடியற்காலையில் வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டவளுக்கா சுத்தம் தெரியாது? பன்னிரண்டு மணி நேரம் மண் சுமந்து விட்டு, ஒழுகுகிற கீற்றுக் கொட்டகையில் விழுகிறவளுக்கு விறகு யார் கொடுத்தார்கள்? அதே கொட்டகையில் டாக்டரும் ஹவில்தாரும் இல்லாமல் அந்த டிவிஷனைப் போட்டிருந்தால் அவர்கள் கதியும் அதுவேதான்.

1943 நடுவில், சாங்கியிலிருந்து கைதி டாக்டர்களும் உதவியாளர்களுமாக முன்னூறு பேருக்கு மேல் இரண்டு கோஷ்டியாகக் கூலிகள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் அதற்குள் காலம் கடந்து விட்டது. மாண்ட கூலிகள் 80,000-லிருந்து 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 'வரை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சொல்லுக்குள்ளே இருபதாயிரம் பேர் இருக்கிறார்கள்.

படம் பார்ப்பதில் ஆசையுள்ளவர்களுக்கு ஒரு விஷயம். ரொனால்ட் செர்ல் என்ற புகழ்பெற்ற கேலிச் சித்திரக்காரர் இந்த 18-வது டிவிஷன்காரர்தான். கேம்பிரிட்ஜ் பையன், சிறைப்பட்டபோது வயது இருபத்தொன்று. போக்கிரிப் பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்று பின்னாளில் அவர் போட்ட சித்திரங்கள் உலகத்தையே சிரிக்க வைத்தன. சயாமில் கிடைத்த துண்டுக் காகிதத்திலெல்லாம் தாம் கண்டதை வரைந்து, காலராவில் சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். காவல்காரர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்களே! முன்னூறு சித்திரம் போலத் தப்பி, லண்டன் யுத்தப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன.

1957-இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தையும் சொல்ல வேண்டும். சயாம் என்று காட்டியதெல்லாம் இலங்கையில் கித்துல்கலையில் எடுத்தது. படத்தைப் பார்த்து விட்டு அயல் நாட்டார் கூட்டம் கூட்டமாகச் சயாமுக்குப் போய் அந்த நதியைத் தேடினார்கள். பாலம் இருந்த ஆற்றுக்கோ வேறு பெயர்! பார்த்தார்கள் அந்த ஊர் சர்க்கார். 1960-இல் ஆற்றின் பெயரையே குவாய் என்று மாற்றி விட்டார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தப் படத்தின் கதையில் ஒரு தமிழனுக்கும் இடமில்லை.

இப்போது நம் ஹவில்தாரைக் கூப்பிடலாம். சிறையிலும் 18-வது டிவிஷன்காரர்கள் தலை எண்ணுவதை விடவில்லை. தளபதி பெக்வித் ஸ்மித்தை ஜப்பானியர் பார்மோஸாவுக்குக் கொண்டு போய் விட்டார்கள். 1942 நவம்பரில் தொண்டை அடைப்பான் கண்டு அங்கேயே இறந்தார். தலை போனாலும் கணக்குப் போகவில்லை. யார் எந்த முகாமுக்குப் போனான், எந்தத் தேதியில் என்ன நோயில் இறந்தான், எந்தக் குழியில் கிடக்கிறான் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். பாதிரிமார்கள் தனியே குறிப்பு வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு ஒரு கோஷ்டி பாதை நெடுகப் போய், 144 இடங்களில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவில் தான்பியூசயாத்திலும் ஆளுக்கொரு கல், கல்லுக்கொரு பெயர். உடல் கிடைக்காதவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் பெயர். நார்ஃபோக்கில் வைமண்டம் என்று எழுதி விண்டம் என்று உச்சரிக்கிற ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1952-இல் எழும்பிய ஒரு மாதா கோயிலில், கீழைத் தேசத்துச் சிறைகளில் மாண்டவர்களின் பெயர்களைப் புஸ்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மகனை இழந்த தாயார் அங்கே போய், ஏட்டைப் புரட்டி, எழுத்தின்மேல் விரலை வைக்க முடிந்தது.

நம்மவர்களுக்கு ஏடு இல்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தொழிலாளிகள் என்பது தெரிந்தது. எந்தத் தொழிலாளிகள் என்பது தெரியவில்லை. அதே ஊரில் ஒரு புத்த கோயிலில், 2023-இல், தமிழ் முறைப்படி ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். எண்பது வருஷம் கழித்து! கல் வந்து விட்டது. கல்லில் பொறிக்கப் பெயர்கள் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். "எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி மலாயாவுக்குப் போனாராம், திரும்பலையாம்" என்று உங்கள் வீட்டிலும் ஒரு பேச்சு இருந்தால், அதை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி விடுங்கள். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், கப்பலேறிய வருஷம், கடைசிக் கடிதம் வந்த மாதம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெரியவில்லையே என்று விட்டு விடாதீர்கள். மலாயாத் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் தாங்களாகவே வைத்த தமிழ்ப் பெயர்கள் உண்டு. பாட்டி வாயில் வருகிற பெயரை அப்படியே எழுதுங்கள். இன்ன தமிழ்ப் பெயர் இன்ன தோட்டம் என்று சொல்லக் கூடியவர்கள் மலேசியாவில் இன்னும் இருக்கிறார்கள்.